பொதியை நிறுவியாகிவிட்டது, மெனுவில் மட்டும் வரவில்லை: டெஸ்க்டாப் கோப்பும் ஐகானும் சேர்ப்பது எப்படி?

ஏரிக்கரை:

வணக்கம் நண்பர்களே. ஒரு பள்ளி நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் கணக்கை வைத்துக்கொள்ள ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறேன். பைத்தான் மொழி, சாளரங்களுக்குக் கியூட்டி 6 நிரலகம். பெயர் நூலடுக்கு. பள்ளியில் பதினோரு கணினிகள். பத்தில் டெபியன் 12 லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழல். தலைமையாசிரியர் அறையில் இருப்பதில் மட்டும் கினோம்.

ஒவ்வொன்றிலும் கையால் நகலெடுத்து வைக்க வேண்டாம் என்று ஒரு டெப் பொதி (டெபியனின் நிறுவல் கோப்பு) கட்டினேன். டெபியனின் பொதி கட்டும் துணைக் கருவிகள் எதுவும் இல்லாமல், அடைவுகளை நானே அடுக்கி, டிபிகேஜி-டெப் கட்டளையால் பொதித்தேன். நிறுவல் சரியாக முடிகிறது. டெர்மினலில் நூலடுக்கு என்று தட்டினால் திறக்கிறது. ஆனால் மெனுவில் எங்கேயும் இல்லை.

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் டீச்சருக்கு டெர்மினல் பழக்கமில்லை. மெனுவைத் திறந்து மேலும் கீழும் தேடிவிட்டு, "இன்னும் போடலையா தம்பி?" என்று கேட்டார். போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

நிறுவல் முடிந்ததும் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட்டில், பயனரின் முகப்பு அடைவில் இருக்கும் டெஸ்க்டாப் அடைவுக்குள் ஒரு குறுக்குவழியை எழுதிப் பார்த்தேன். அதுவும் எந்தக் கணினியிலும் தெரியவில்லை. எங்கே தவறு?

கருவேலம்:

தம்பி, அந்தக் குறுக்குவழி ரூட் பயனரின், அதாவது கணினி நிர்வாகியின், முகப்பு அடைவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும், போய்ப் பாருங்கள். போஸ்ட்இன்ஸ்ட் ஓடுவது ரூட்டாக. அந்த நேரத்தில் முகப்பு அடைவு என்றால் ரூட்டினுடையதுதான். டீச்சர் நாளைக்குப் புதுப் பயனர் கணக்கு ஒன்று தொடங்கினால் அவருக்கும் அது போய்ச் சேராது. பொதி என்றைக்கும் பயனரின் வீட்டுக்குள் கை வைக்கக் கூடாது. அந்த ஸ்கிரிப்டை முழுதாக நீக்கிவிடுங்கள்.

மெனுவில் வர இரண்டே பொருள் போதும். நிரலின் பெயரையும் கட்டளையையும் மெனுவுக்குச் சொல்லும் ஒரு டெஸ்க்டாப் கோப்பு, ஒரு ஐகான். இரண்டும் பொதிக்குள் மற்ற கோப்புகளைப் போலவே சாதாரணக் கோப்புகளாக இருக்க வேண்டும். அப்போதுதான் பொதியை நீக்கும்போது அவையும் சேர்ந்து போகும்.

டெஸ்க்டாப் கோப்பின் இடம் /யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ். கோப்பின் பெயர் நூலடுக்கு.டெஸ்க்டாப். உள்ளே இருக்க வேண்டியது கீழே. ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். கோப்பில் விசைகளும் கட்டளைப் பெயரும் ஐகான் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

[டெஸ்க்டாப் என்ட்ரி]
டைப்=அப்ளிகேஷன்
நேம்=நூலடுக்கு
காமென்ட்=நூலகப் புத்தகக் கணக்கு
எக்ஸெக்=நூலடுக்கு
ஐகான்=நூலடுக்கு
டெர்மினல்=ஃபால்ஸ்
கேட்டகரீஸ்=ஆஃபீஸ்;டேட்டாபேஸ்;

ஐகானின் இடம் /யூஎஸ்ஆர்/ஷேர்/ஐகான்ஸ்/ஹைகலர்/48x48/ஆப்ஸ். அங்கே நூலடுக்கு.பிஎன்ஜி.

கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளில் என்கோடிங் என்று ஒரு வரி இருக்கும். அது இப்போது தேவையில்லை.

இன்னொன்று. கையால் பொதி கட்டினால் கோப்புகளின் உரிமையாளராக உங்கள் பயனர் எண்ணே பதிவாகிவிடும். கட்டும்போது ரூட்-ஓனர்-குரூப் என்ற விருப்பத்தைச் சேருங்கள். கோப்பு அனுமதி 644 ஆக இருக்கட்டும். 600 என்று இருந்தால் ரூட்டைத் தவிர யாராலும் அதைப் படிக்க முடியாது, மெனுவும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும்.

ஏரிக்கரை:

நன்றி அண்ணா. நீங்கள் சொன்னது சரிதான், குறுக்குவழி ரூட்டிடம்தான் இருந்தது. ஸ்கிரிப்டை எடுத்துவிட்டேன்.

டெஸ்க்டாப் கோப்பை வைத்ததும் மெனுவில் வந்துவிட்டது. ஆனால் மூன்று சிக்கல். ஒன்று, "மற்றவை" பிரிவில் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு, ஐகான் இல்லை. மூன்று, சொடுக்கினால் எதுவும் திறக்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை.

உங்கள் மாதிரியை அப்படியே எடுக்காமல் கொஞ்சம் மாற்றினேன். கேட்டகரீஸ் வரியில் லைப்ரரி என்று போட்டேன், நூலகத்துக்கான நிரல் என்பதால். ஐகான் வரியில் நூலடுக்கு.பிஎன்ஜி. எக்ஸெக் வரியில், "முதலில் /ஆப்ட்/நூலடுக்கு அடைவுக்குப் போ, பிறகு பைத்தானில் மெயின் கோப்பை ஓட்டு" என்று சிடி கட்டளையையும் பைத்தான் கட்டளையையும் இரண்டு ஆம்பர்சாண்டால் இணைத்திருக்கிறேன். டெர்மினலில் அப்படி ஓட்டித்தான் பழக்கம்.

மூன்றாம் மாடி:

மூன்றுக்கும் காரணம் அந்த மூன்று மாற்றங்கள்தான். டெஸ்க்டாப்-ஃபைல்-யுட்டில்ஸ் பொதியை நிறுவிவிட்டு, டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட் கட்டளைக்கு உங்கள் கோப்பைக் கொடுங்கள். லைப்ரரி என்பது பதிவான பிரிவு இல்லை என்றும், ஐகான் பெயரில் நீட்டிப்பு வரக் கூடாது என்றும் அதுவே சொல்லிவிடும்.

பிரிவுகளை நாமாக உருவாக்க முடியாது. முதன்மைப் பிரிவுகள் ஆடியோவீடியோ, டெவலப்மென்ட், எஜுகேஷன், கேம், கிராஃபிக்ஸ், நெட்வொர்க், ஆஃபீஸ், சயின்ஸ், செட்டிங்ஸ், சிஸ்டம், யுட்டிலிட்டி என்று ஒரு நிலையான பட்டியல். ஆடியோ, வீடியோ என்று தனித்தனியாகவும் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்றைப் போட்டால் ஆடியோவீடியோவையும் கூடவே போட வேண்டும். இந்தப் பட்டியலில் இருந்து ஒன்றாவது இல்லையென்றால் மெனு உங்களை "மற்றவை"யில்தான் தள்ளும்.

ஐகான் வரியில் பெயர் மட்டும்தான் வர வேண்டும், பாதையும் நீட்டிப்பும் கிடையாது. எந்த அளவு வேண்டும், எந்தத் தீம், பிஎன்ஜியா எஸ்விஜியா என்பதையெல்லாம் மேசைச்சூழல் தானே தேடி முடிவு செய்யும். நீங்கள் நீட்டிப்பு போட்டால் அந்தத் தேடலைத் தடுக்கிறீர்கள். முழுப் பாதையையும் எழுதினால் ஐகான் வரும்தான், ஆனால் பயனர் தீம் மாற்றினாலும் திரையின் அளவு மாறினாலும் அதே ஒரு படம்தான் இழுபடும்.

எக்ஸெக் வரியை, டெர்மினலில் கட்டளைகளைப் படிக்கும் ஷெல் படிப்பதில்லை. அதனால் சிடி, இரட்டை ஆம்பர்சாண்ட், டில்டே குறி, டாலர் போட்ட மாறிகள் எதுவும் அங்கே வேலை செய்யாது. /யூஎஸ்ஆர்/பின் அடைவில் ஏற்கெனவே நூலடுக்கு என்ற கட்டளை உங்களிடம் இருக்கிறதே, டெர்மினலில் அதைத்தானே தட்டுகிறீர்கள்? அதையே எழுதுங்கள். நிரல் ஒரு குறிப்பிட்ட அடைவில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்றால் பாத் என்று ஒரு விசை உண்டு, அதில் அடைவைக் கொடுக்கலாம்.

சொடுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மெனுவிலேயே திரும்பத் திரும்பச் சொடுக்கிப் பார்க்காதீர்கள். டெர்மினலில் ஜிடிகே-லாஞ்ச் நூலடுக்கு என்று கொடுங்கள். மெனு செய்வதையே அதுவும் செய்யும், பிழைச் செய்தி கண்ணுக்குத் தெரியும்.

நான் ஆர்பிஎம் பொதிகள் கட்டுகிறவன், ஃபெடோரா லினக்ஸுக்கு. அங்கே வரைகலை நிரல் என்றால் டெஸ்க்டாப் கோப்பு கட்டாயம், அதைப் பொதி கட்டும்போதே சரிபார்ப்பதும் கட்டாயம். பொதியை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஸ்பெக் கோப்பின் செக் பகுதியில் வேலிடேட் வரியைப் போட்டுவிடுவேன். கோப்பில் பிழை இருந்தால் பொதியே உருவாகாது. ஐகான் அடைவுகளின் உரிமை ஹைகலர்-ஐகான்-தீம் பொதியிடம் இருப்பதால் அதைச் சார்புப் பொதியாகக் குறிப்பிடுவதும் வழக்கம். நீங்கள் கையால் கட்டுவதால் இப்படி நிறுத்திச் சொல்ல யாரும் இல்லை. கட்டும் ஸ்கிரிப்டின் முதல் வரியாக வேலிடேட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வன்தட்டு:

ஒரு காலத்தில் டெபியனுக்கென்றே தனி மெனு முறை இருந்தது, யாருக்காவது நினைவிருக்கிறதா? /யூஎஸ்ஆர்/ஷேர்/மெனு அடைவில் ஒரு சின்னக் கோப்பு, 32x32 அளவில் ஒரு எக்ஸ்பிஎம் படம். அப்டேட்-மெனுஸ் என்ற கட்டளை அதைப் படித்து எஃப்விடபிள்யூஎம், ஐஸ்டபிள்யூஎம் என்று ஒவ்வொரு சாளர மேலாளருக்கும் அதனதன் வடிவத்தில் மெனு எழுதித் தரும். டெர்மினல் நிரல்கள்கூட அதில் வரும். 2015 செப்டம்பரில் டெபியனின் தொழில்நுட்பக் குழு, டெஸ்க்டாப் கோப்பு உள்ள பொதி பழைய மெனு கோப்பையும் சேர்த்துத் தரக் கூடாது என்று தீர்மானித்தது. அதோடு அந்த முறை ஓய்ந்தது.

எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. என்னிடம் இரண்டு பழைய மடிக்கணினிகளில் சாளர மேலாளர் மட்டும்தான் ஓடுகிறது. அங்கே டெஸ்க்டாப் கோப்பைத் தானாகப் படிப்பார் இல்லை.

கருவேலம்:

அந்த மெனுவுக்கு நானும் கோப்புகள் எழுதியிருக்கிறேன் ஐயா. ஆனால் ஒரே செய்தியை இரண்டு கோப்புகளில் வைத்துப் பராமரித்தது பெரிய பாடு. ஒன்றில் பெயரை மாற்றிவிட்டு மற்றொன்றை மறந்துவிடுவோம். கேடிஇ மேசைச்சூழல் தன் முதல் பதிப்பில் கேடிஇலிங்க் என்று தனி வடிவம் வைத்திருந்தது, கினோம் தன் வழியில் போனது. 2000இல் ஹேவக் பென்னிங்டன், மேசைச்சூழல்களுக்குப் பொது விவரக்குறிப்புகள் வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப்பைத் தொடங்கிய பிறகுதான் எல்லோரும் ஒரே கோப்பைப் படிக்கும் நிலை வந்தது. அந்த ஒரு கோப்பு இன்று டெபியன், ஃபெடோரா, ஆர்ச் எல்லாவற்றிலும், ஒரு வரி மாறாமல் செல்கிறது. எனக்கு அது பெரிய நிம்மதி.

ஐஸ்டபிள்யூஎம் வைத்திருந்தால் ஐஸ்டபிள்யூஎம்-மெனு-எஃப்டிஓ என்ற கருவி அதோடு வருகிறது. டெஸ்க்டாப் கோப்புகளைப் படித்து மெனு எழுதித் தரும். உங்கள் மடிக்கணினிகளில் முயன்று பாருங்கள்.

பழைய வன்தட்டு:

அந்தக் கருவியை நான் கவனித்ததே இல்லை. இன்று இரவே பார்க்கிறேன், நன்றி. ஐகான் விஷயத்தில் மட்டும் ஒரு கருத்து. /யூஎஸ்ஆர்/ஷேர்/பிக்ஸ்மேப்ஸ் அடைவில் ஒரே ஒரு பிஎன்ஜியைப் போட்டால் போதாதா? அதுவும் தேடும் இடங்களில் ஒன்றுதானே. ஒரு பள்ளி நிரலுக்கு ஐந்து அளவுகளில் படம் வரைய யாருக்கு நேரம்?

மூன்றாம் மாடி:

பிக்ஸ்மேப்ஸில் போட்டாலும் ஐகான் வரும், மறுக்கவில்லை. ஆனால் அது கடைசியாகத் தேடப்படும் இடம், அங்கே அளவுக்குத் தனி அடைவு கிடையாது. 32 அளவுப் படத்தை அங்கே வைத்தால் பெரிய திரையில் மங்கலாக விரியும். 256 அளவை வைத்தால் மெனுவில் சுருங்கி அழுக்குப் புள்ளி மாதிரி ஆகும். ஹைகலரில் வைக்க வேறொரு காரணமும் இருக்கிறது. எல்லாத் தீமும் கடைசியில் ஹைகலரில்தான் வந்து தேடும். பயனர் எந்தத் தீமுக்கு மாறினாலும் உங்கள் ஐகான் காணாமல் போகாது.

அளவுகள் பற்றிப் பயப்பட வேண்டாம். குறைந்தபட்சம் 48x48 பிஎன்ஜி ஒன்று வேண்டும் என்றுதான் ஐகான் தீம் விவரக்குறிப்பு சொல்கிறது. அதோடு ஒரு எஸ்விஜியை ஸ்கேலபிள்/ஆப்ஸ் அடைவில் வைத்துவிட்டால் மற்ற அளவுகளை மேசைச்சூழலே உருவாக்கிக்கொள்ளும். இரண்டு கோப்பு, அவ்வளவுதான்.

ஆனால் 16, 22 போன்ற சின்ன அளவுகளுக்குத் தனியாக வரைந்தால் அழகே வேறு. பெரிய படத்தில் புத்தக அலமாரி, அதில் பன்னிரண்டு புத்தகம், முதுகில் எழுத்து என்று எல்லாம் வைத்திருப்போம். 16 புள்ளிகளில் அது பழுப்பு நிறச் சதுரமாகத்தான் தெரியும். சின்ன அளவுக்கு ஒரே ஒரு புத்தகத்தை, தடித்த கோட்டில் வரைய வேண்டும். அடையாளம் தெரிய வேண்டுமே.

சொல்லேர்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பதினோரு கணினிகளும் எந்த மொழி அமைப்பில் ஓடுகின்றன?

ஏரிக்கரை:

ஏழில் தமிழ் அக்கா, நான்கில் ஆங்கிலம்.

சொல்லேர்:

அப்படியானால் நேம் வரியில் நேரடியாகத் தமிழை எழுத வேண்டாம். மொழிக் குறி இல்லாத நேம் என்பது எந்த மொழிபெயர்ப்பும் கிடைக்காதவர்களுக்கானது. அதில் ஆங்கில எழுத்தில் பெயரை வையுங்கள். அதற்கு அடுத்த வரியில் நேம் என்று எழுதி, சதுர அடைப்புக்குறிக்குள் டிஏ என்ற மொழிக் குறியைப் போட்டு, சமக்குறிக்குப் பின் நூலடுக்கு என்று தமிழில் எழுதுங்கள். காமென்ட்டுக்கும் அதே மாதிரி.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். சிலர் மொழிக் குறியாக டிஏ_ஐஎன் என்று நாட்டோடு சேர்த்து எழுதிவிடுகிறார்கள். பயனரின் அமைப்பு டிஏ_ஐஎன் என்றால் கணினி முதலில் டிஏ_ஐஎன் வரியைத் தேடும், அது இல்லாவிட்டால் டிஏ வரிக்கு வரும். ஆனால் இலங்கையில் டிஏ_எல்கே அமைப்பில் இருப்பவருக்கு டிஏ_ஐஎன் வரி ஒருபோதும் தெரியாது. அவருக்கு ஆங்கிலப் பெயர்தான் வரும். வெறும் டிஏ போட்டால் எல்லா ஊர்த் தமிழருக்கும் ஒரே வரியில் போய்ச் சேரும். நாட்டுக்கு நாடு சொல் மாறினால் மட்டும் தனி வரி எழுதலாம்.

அப்புறம் கீவேர்ட்ஸ், அதாவது தேடல் சொற்கள். கினோமில் மெனுவைப் பிரிவு பிரிவாகத் திறந்து பார்ப்பவர் குறைவு, தட்டச்சு செய்துதான் தேடுவார்கள். டீச்சர் நூலடுக்கு என்ற பெயரை நினைவில் வைத்துத் தேடுவாரா? புத்தகம் என்றோ நூலகம் என்றோ தட்டுவார். ஆகவே தமிழ்க் கீவேர்ட்ஸ் வரியில் புத்தகம்;நூலகம்;நூல்;இரவல்; என்று போடுங்கள். கூடவே லைப்ரரி, புக் என்பதை ஆங்கில எழுத்திலும் அதே தமிழ் வரியில் சேருங்கள். தமிழ் அமைப்பில் இருப்பவரும் பல நேரம் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டிருப்பார். தமிழ் வரி இருந்தால் அவருக்கு அதுதான் படிக்கப்படும், பொது வரி படிக்கப்படாது.

பல பெரிய மென்பொருள்களில் நேம் வரி தமிழில் இருக்கும், கீவேர்ட்ஸ் மொழிபெயர்க்கப்படாமல் கிடக்கும். அதனால் மெனுவில் கண்ணுக்குத் தெரிகிற நிரல் தேடினால் கிடைக்காது. மொழிபெயர்ப்பில் கை வைக்கிறவர்கள் இந்த வரியை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏரிக்கரை:

அக்கா, இரவல் என்ற சொல் எனக்குத் தோன்றவே இல்லை. டீச்சர் பதிவேட்டில் அந்தச் சொல்லைத்தான் எழுதி வைத்திருக்கிறார். சேர்த்துவிட்டேன்.

எல்லாம் மாற்றிப் புதிய பொதி கட்டி மூன்று கணினிகளில் நிறுவினேன். ஆஃபீஸ் பிரிவில் வந்துவிட்டது, ஐகான் வருகிறது, திறக்கிறது. ஆனால் நான் நிரல் எழுதும் என் மடிக்கணினியில் மட்டும் இன்னும் பழைய பெயர், ஐகான் இல்லை, "மற்றவை" பிரிவு. பொதியை நீக்கி மறுபடி நிறுவியும் பார்த்தேன். விசித்திரம் என்னவென்றால், பொதியை நீக்கிய பிறகும் மெனுவில் அந்தப் பதிவு இருக்கிறது!

கருவேலம்:

முதலில் சோதித்துப் பார்த்தபோது, உங்கள் முகப்பு அடைவில் .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் என்ற இடத்தில் ஒரு நகலை வைத்தீர்களா?

ஏரிக்கரை:

ஆமாம் அண்ணா, வைத்தேன். மறந்தே போய்விட்டது. நீக்கினேன், சரியாகிவிட்டது.

கருவேலம்:

ஒரே பெயரில் இரண்டு டெஸ்க்டாப் கோப்புகள் இருந்தால் பயனரின் வீட்டில் இருப்பதே செல்லும், அமைப்பில் இருப்பது மறைந்துவிடும். இது வேண்டுமென்றே வைத்த வசதி. யாருக்காவது ஒரு நிரலின் ஐகானையோ பெயரையோ தனக்கு மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டுமானால், அமைப்புக் கோப்பைத் தொடாமல் அதே பெயரில் ஒரு நகலை இங்கே வைத்துத் திருத்தலாம். மெனுவில் இருந்து ஒன்றை மறைக்க வேண்டுமானால் நகலில் நோடிஸ்ப்ளே=ட்ரூ என்று போட்டால் போதும். பொதியைப் புதுப்பித்தாலும் அந்தத் திருத்தம் அழியாது.

ஐகானுக்கும் இதே மாதிரி ஒரு மறைவு உண்டு. ஹைகலர் அடைவின் மேல்மட்டத்தில் ஐகான்-தீம்.கேஷ் என்று ஒரு கோப்பு இருக்கும். ஜிடிகே நிரலகத்தில் எழுதிய நிரல்கள் அடைவடைவாகத் தேடாமல் அதைத்தான் படிக்கும். நீங்கள் கையால் 48x48 அடைவுக்குள் படத்தைப் போட்டால் மேல் அடைவின் நேரம் மாறாது, ஆகவே பழைய கேஷே சரி என்று நம்பிவிடும். அப்போது ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேஷ் ஓட்ட வேண்டியிருக்கும். பொதியாக நிறுவினால் இந்தக் கவலை இல்லை. நிறுவல் முடியும்போது ஹைகலர்-ஐகான்-தீம், டெஸ்க்டாப்-ஃபைல்-யுட்டில்ஸ் என்ற பெயர்களோடு "ட்ரிகர்ஸ்" வரிகள் ஓடுகிறதே, அவை செய்வது இந்த வேலையைத்தான். இதற்காக நீங்கள் எந்த ஸ்கிரிப்டும் எழுத வேண்டாம்.

மூன்றாம் மாடி:

ஃபெடோராவிலும் முன்பு ஒவ்வொரு பொதியிலும் இந்த இரண்டு கட்டளைகளையும் எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது கோப்பு ட்ரிகர்கள் பார்த்துக்கொள்கின்றன. இணையத்தில் கிடைக்கும் பழைய ஸ்பெக் கோப்புகளில் அந்த வரிகளைப் பார்த்தால் அப்படியே நகலெடுக்காதீர்கள்.

ஏரிக்கரை:

இன்று தலைமையாசிரியர் அறைக் கணினியில் நிறுவினேன், கினோம் இருக்கும் கணினி. தேடினால் வருகிறது, தேடல் முடிவில் ஐகானும் சரி. ஆனால் திறந்த பிறகு கீழே இருக்கும் பட்டையில் பல்சக்கரம் போட்ட பொதுவான ஐகான் வருகிறது. நிரலுக்குள் செட்விண்டோஐகான் கொடுத்திருக்கிறேன். மற்றப் பத்துக் கணினிகளில் அது வேலை செய்கிறது.

மூன்றாம் மாடி:

அந்தக் கணினியில், திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலண்ட் ஓடுகிறது. பழைய முறையான எக்ஸ்11இல் சாளரமே தன் ஐகானைக் கையோடு கொண்டுவரும், அதனால் எக்ஸ்எஃப்சிஇ கணினிகளில் தெரிகிறது. கினோம் வேலண்டில் சாளரம் தன் அடையாளப் பெயரை மட்டும் சொல்லும், அதற்கு ஆப் ஐடி என்று பெயர். அதே பெயரில் ஒரு டெஸ்க்டாப் கோப்பு இருக்கிறதா என்று கினோம் தேடும். இருந்தால் அதில் உள்ள ஐகான், இல்லாவிட்டால் பல்சக்கரம். உங்களுடையது பைத்தான் நிரல், டெஸ்க்டாப் கோப்போடு பொருந்தாத வேறு ஏதோ பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தீர்வு ஒரே வரி. கியூட்டி பயன்பாட்டை உருவாக்கியதும், முதல் சாளரத்தைக் காட்டும் முன், செட்டெஸ்க்டாப்ஃபைல்நேம் என்ற அழைப்பில் நூலடுக்கு என்று கொடுங்கள். டெஸ்க்டாப் என்ற நீட்டிப்பு வேண்டாம்.

எக்ஸ்11இல் இதே மாதிரி பொருத்தம் தவறினால், எக்ஸ்ப்ராப் கட்டளையை ஓட்டிச் சாளரத்தைச் சொடுக்குங்கள். டபிள்யூஎம்_கிளாஸ் என்ற வரியில் வரும் பெயரை டெஸ்க்டாப் கோப்பில் ஸ்டார்ட்அப்டபிள்யூஎம்கிளாஸ் விசைக்குக் கொடுங்கள்.

கட்டளை, டெஸ்க்டாப் கோப்பு, ஐகான், ஆப் ஐடி நான்குக்கும் ஒரே பெயர் வையுங்கள். ஃப்ளாட்பேக் என்ற பொதி முறையில் இது விதியாகவே இருக்கிறது. அங்கே பெயர் தலைகீழ் இணைய முகவரி வடிவில் இருக்கும், டெஸ்க்டாப் கோப்பும் அந்த அடையாளப் பெயரில்தான் இருக்க வேண்டும்.

ஏரிக்கரை:

அந்த ஒரு வரியில் பல்சக்கரம் போய்விட்டது. மிக்க நன்றி.

கடைசியாக ஒன்று. டீச்சர் வாரா வாரம் ஒரு காப்புக் கோப்பை எடுத்து வைக்கிறார். நீட்டிப்பு .நூல். கோப்பு மேலாளரில் அதை இருமுறை சொடுக்கினால் நூலடுக்கு திறக்க வேண்டும் என்று விரும்புகிறார்.

கருவேலம்:

அதற்கு மூன்று இடத்தில் எழுத வேண்டும்.

முதலில், இப்படி ஒரு கோப்பு வகை உண்டு என்று கணினிக்குச் சொல்ல /யூஎஸ்ஆர்/ஷேர்/மைம்/பேக்கேஜஸ் அடைவில் ஒரு சின்ன எக்ஸ்எம்எல். அதில் அப்ளிகேஷன்/எக்ஸ்-நூலடுக்கு என்ற வகைப் பெயரும், நட்சத்திரக் குறியோடு உங்கள் நீட்டிப்பும் இருக்கும். இரண்டாவது, டெஸ்க்டாப் கோப்பில் மைம்டைப் விசையில் அதே வகைப் பெயர், கடைசியில் அரைப்புள்ளியோடு. மூன்றாவது, எக்ஸெக் வரியில் கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு %எஃப், சிறிய எழுத்தில். இதை விட்டுவிட்டால் நிரல் திறக்கும், கோப்பு அதனிடம் வந்து சேராது.

சிறிய எஃப் ஒரு கோப்பைத் தரும். பெரிய எஃப் பல கோப்புகளை ஒரே முறையில் தரும். இணைய முகவரியும் வரலாம் என்றால் சிறிய யூ, பெரிய யூ. உங்கள் நிரல் ஒரு நேரத்தில் ஒரு காப்பைத்தான் திறக்கும் என்பதால் சிறிய எஃப் போதும். அதைச் சுற்றி மேற்கோள்குறி போடாதீர்கள், கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தாலும் முழுதாகத்தான் வரும்.

ஏரிக்கரை:

செய்துவிட்டேன், வேலை செய்கிறது. பதினோரு கணினியிலும் புதிய பொதி போட்டாகிவிட்டது. இன்று மதியம் டீச்சர் மெனுவில் "இரவல்" என்று தட்டித் திறந்தார், நான் பக்கத்தில் இருந்தும் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. 16x16 படம் மட்டும் இன்னும் பழுப்புச் சதுரமாக இருக்கிறது. ஒரே புத்தகமாக வரைந்துகொண்டிருக்கிறேன், முடிந்ததும் மூன்று வரைவுகளை இங்கே போடுகிறேன். எது தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லுங்கள்.

மூன்றாம் மாடி:

போடுங்கள். வெளிர் பின்னணி, அடர் பின்னணி இரண்டிலும் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.